பையன் கேம் ஆடவில்லை அம்மா

வணக்கம் அம்மா.

மலேசியாவில் நம் பத்தாங் பெர்ஜுந்தை தோட்ட மண்டபத்தில் நடந்த மேற்படிப்பு ஆலோசனை நாளில் நீங்கள்தான் வரிசையில் கடைசி. மண்டபத்தைப் பூட்டும் நேரமாகிவிட்டதால் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது இதுதான்: படிவம் 5 படிக்கும் மகன், பழைய பிளேஸ்டேஷன் கேம் தட்டை மடிக்கணினியில் போட்டுக்கொண்டு இரவு இரண்டு மணி தாண்டியும் உட்கார்ந்திருக்கிறான். அப்பா விடியற்காலையில் செம்பனை லாரி எடுக்க எழுந்தால் அப்போதுதான் விளக்கை அணைக்கிறான். எட்டிப் பார்த்தால் திரையில் கேமும் இல்லை, வெறும் எண்கள். “ஏதாவது தப்புத்தண்டாவில் மாட்டிக்கொள்வானா சார்?” என்று கேட்டீர்கள்.

நீங்கள் தேநீர் எடுக்கப் போன பத்து நிமிடத்தில் அவனைக் காட்டச் சொன்னேன். அவன் கேம் ஆடவில்லை. கேமுக்குள் இருக்கும் படங்களை வெளியே எடுக்கப் பார்க்கிறான்.

அதில் என்ன சிரமம் என்பீர்கள். பிளேஸ்டேஷன் 1994-இல் ஜப்பானில் வெளிவந்த கருவி. படங்களுக்கென்று அதில் இருந்த நினைவகம் 1 மெகாபைட். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். அதனால் எல்லாவற்றிலும் சிக்கனம். பல படங்களுக்கு 16 வண்ணம் கொண்ட ஒரு பட்டியல்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ‘மூன்றாவது வண்ணம்’, ‘பத்தாவது வண்ணம்’ என்று எண் மட்டும். கணினி நினைவகத்தை அளக்கும் சிறு அலகான ஒரு பைட்டில் இரண்டு புள்ளி அடங்கிவிடும். படங்களை இப்படி வைக்கும் கோப்பு வகைக்கு ‘டிம்’ என்று பெயர். நம் கணினியில் இரட்டைச் சொடுக்குப் போட்டால் திறக்காது. போதாததற்கு, அந்த கேமைச் செய்தவர்கள் நூற்றுக்கணக்கான டிம் படங்களைத் தங்களுக்கே உரிய ஒரு கோப்பில் மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். எது எங்கே இருக்கிறது என்று வெளியாளுக்குத் தெரியாது.

உங்கள் மகன் மூட்டையைப் பிரிக்க ஒரு வழி கண்டுபிடித்தான். டிம் படம் ஒவ்வொன்றும் 10 00 00 00 என்ற நான்கு பைட்டில்தான் தொடங்கும். கோப்பு முழுக்க அதைத் தேடினான். அந்த நான்கு பைட் தற்செயலாக வேறு இடங்களிலும் வரும் என்பதால், அடுத்த நான்கு பைட் 08 00 00 00 என்று இருந்தால் மட்டுமே 16 வண்ணப் படமாக எடுத்துக்கொண்டான்.

அடுத்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டான். உள்ளே அகலம் 64, உயரம் 256 என்று எழுதியிருந்தது. அப்படியே வைத்துப் படம் போட்டால் ஒரே கந்தல். இரண்டு இரவு அதிலேயே போனது. பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். அந்தத் தாளை எனக்குக் காட்டினான். படத்துக்கான பகுதி 32,768 பைட். பைட்டுக்கு இரண்டு புள்ளி என்றால் 65,536 புள்ளி. அதை உயரம் 256-ஆல் வகுத்தால் அகலமும் 256 வருகிறது. அப்படியானால் அந்த 64 என்பது புள்ளிகளின் எண்ணிக்கையே இல்லை. இரண்டு பைட் கொண்ட துண்டுகளின் எண்ணிக்கை, ஒரு துண்டில் நான்கு புள்ளி. மாற்றிப் போட்டான், முகம் வந்தது. ஆனால் நீல முகம்! சிவப்புக்கும் நீலத்துக்கும் ஐந்தைந்து பிட் (பைட்டில் எட்டில் ஒரு பங்கு) உண்டு. எது மேலே எது கீழே என்பதில் தலைகீழாகப் படித்திருக்கிறான். அதைச் சொல்லிச் சிரித்தான் பாருங்கள், வரிசையில் நின்றபோது தரையையே பார்த்துக்கொண்டிருந்த பையன் அவன்தானா என்று இருந்தது.

கொஞ்சம் திட்டவும் செய்தேன். டிம் படத்தின் அமைப்பைப் பலர் விளக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தேடியிருந்தால் அரைமணி நேர வேலை. “நானே கண்டுபிடிக்கணும் சார்” என்றான். பிடிவாதம் நல்லதுதான். ஆனால் நாளை சம்பளம் கொடுப்பவர் அந்த இரண்டு இரவுக்குக் கணக்குக் கேட்பார்.

இதற்கு வேலை உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். கேமிலிருந்து படம் எடுக்கும் வேலை என்று ஒன்று இல்லை. ஆனால் இதே கைவேலை கேட்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. கைப்பேசியின் நினைவக அட்டையில் அழித்த படங்களை மீட்கும் தடயவியல் ஆட்கள் இதையேதான் செய்கிறார்கள்: ஜேபெக் என்ற வழக்கமான புகைப்படக் கோப்பு எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும், அதைத் தேடு. மருத்துவமனை ஸ்கேன் படங்களுக்கு டைகாம் என்று ஒரு கோப்பு வகை உண்டு. முதல் 128 பைட்டைத் தாண்டினால் டி, ஐ, சி, எம் என்ற நான்கு எழுத்து இருக்கும். வைரஸ் நிரல்களைப் பிரித்துப் பார்ப்பவர்கள், கேம் நிறுவனங்களில் ஓவியர்களுக்குக் கருவி எழுதிக் கொடுப்பவர்கள் என்று இன்னும் சொல்லலாம். சோனியும், கேம் நிறுவனமான லேரியனும் கோலாலம்பூரில் கேம் கூடம் வைத்திருக்கும் காலம் இது.

அதற்காக ‘கேம் டிசைன் டிப்ளோமா’ என்று வண்ணத்தாள் நீட்டுகிறவர்களிடம் ஓடிவிடாதீர்கள். எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் இவன் சுபாவத்துக்கு நேரான கணினி அறிவியல்தான் பொருத்தம். ஆறாம் படிவம் போனால் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வு மூன்று தவணையில் முடியும், செலவும் குறைவு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைத்தால் அதுவும் சரி. சீக்கிரம் கையில் தொழில் வேண்டுமென்றால் பாலிடெக்னிக். யூனிசெல் பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது, பஸ் காசு மிச்சம். ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. எந்தக் கல்லூரியானாலும் அந்தப் படிப்புக்கு, தரத்தைச் சரிபார்க்கும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். உயர்கல்விக்கு அரசு நிதி அமைப்பான பி.டி.பி.டி.என். தரும் பணம் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும்.

இப்போது உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். அவனுக்கு வரலாற்றுப் பாடம் போன சோதனையில் தேறவில்லை. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய், வரலாறு இரண்டிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கியிருந்தாலும் இதுதான் விதி. கூடுதல் கணிதத்தில் அவன் தைரியமாக இருக்கிறான், அதில் கிரெடிட் வாங்கினால் கணினிப் படிப்புக்குப் பெரிய பலம். வரலாறுதான் என் கவலை. மடிக்கணினியைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் நண்பன் வீட்டுக்குப் போவான். வெள்ளி, சனி இரவு பதினொன்று வரை அவனுக்கு. மற்ற இரவுகளில் மடிக்கணினி அப்பாவின் அலமாரியில். இதற்கு அவன் என்னிடம் ஒத்துக்கொண்டிருக்கிறான்.

தப்புத்தண்டா பற்றிக் கேட்டீர்கள். அந்தப் படங்கள் வேறொருவர் வரைந்தவை, பதிப்புரிமை உண்டு. கோப்புக்குப் போட்ட டிஜிட்டல் பூட்டை உடைத்துத் திறப்பதற்கும் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் தடை இருக்கிறது. இவன் பழைய சாமான் கடையில் வாங்கிய தட்டை வைத்துப் படித்துப் பார்க்கிறான். அந்தக் கோப்பில் பூட்டு எதுவும் இல்லை. கேமையோ படங்களையோ யாருக்கும் அனுப்பவோ விற்கவோ கூடாது, தான் எழுதிய பைத்தான் நிரலை மட்டும் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். புரிந்துகொண்டான்.

ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தேன். அந்த 64 எப்படி 256 ஆனது என்பதை, கணினி தெரியாத அப்பாவுக்குப் புரியும்படி தமிழில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். அப்பா படித்துவிட்டுத் தலையாட்டினால் போதாது, திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே மண்டபத்தில் இருப்பேன். அந்த இரண்டு பக்கத்தோடு வரலாற்றுப் பயிற்சித் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தத் தடவை முதல் ஆளாக வாருங்கள்.