கறுப்பு உடுப்புக்காரருக்குக் கதவைத் திறவுங்கோ

தம்பி, ஷோர்ன்ஸ்டைன்ஃபேகர், அதுதான் ஜேர்மனியில் புகைபோக்கியைத் துப்புரவாக்கிச் சோதிக்கிறவர், வருவதாக வாசலில் கடதாசி ஒட்டியிருக்கிறது, வாடகை வீட்டுக்காரன் நான் திறக்கத்தான் வேண்டுமா, காசு யார் கொடுப்பது, அவரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று வேலையிடத்தில் சொல்வது பகிடியா என்று கேட்டிருந்தீர்கள். காசை விடுங்கள். பில் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போகும், வருடாந்தச் செலவுக் கணக்கில் சுற்றி வந்து உங்கள் தலையில் விழும், அவ்வளவுதான். மற்றது இரண்டும்தான் கதை.

நான் 1984இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்த கூட்டத்தில் ஒருவன். அடுத்த மாசியில் ரூர் பகுதியில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். விசா நீட்டக் காலை எட்டு மணிக்கு நிற்க வேண்டும். படியிறங்கித் தெருவில் கால் வைக்கிறேன், எதிரே தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்த ஒருவர். தோளில் ஏணி, முகமெல்லாம் கரி. விறகுச் சுமை எதிரே வந்தாலே திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா என்பார் என் அம்மம்மா. இதுவோ விறகு எரிந்து முடிந்த பிறகு வந்த சகுனம்! திரும்பி மாடியேறி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கட்டிலில் இருந்தேன். ட்ராம் போய்விட்டது. என் நேரமும் போய்விட்டது. மூன்று கிழமை கழித்து வரச் சொன்னார்கள்.

கீழ்வீட்டுக் கிழவிக்கு அரைகுறை டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், இதைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ‘ஓடிப்போய் அவருடைய பொத்தானைத் தொட்டிருக்க வேண்டும், நீ ஒளித்திருக்கிறாய்’ என்றார்.

அந்தக் கறுப்புச் சட்டையின் பொன்னிறப் பொத்தானைப் பிடித்துத் திருகினால் நல்லது, கையில் கரி ஒட்டினால் இன்னும் நல்லது என்பது இவர்களின் நம்பிக்கை. மர வீடுகள் நெருக்கமாக இருந்த பழைய ஊர்களில் புகைபோக்கிக்குள் படிந்த கரி தீப்பற்றினால் தெருவே போய்விடும். அடைத்துக்கொண்டாலும் சமையல் இல்லை, குளிருக்குச் சூடும் இல்லை. அதைச் சரிசெய்ய வருகிறவர் அதிர்ஷ்டக்காரர் இல்லாமல் வேறு யார்? வருடத்துப் பில்லைப் புத்தாண்டில் கொண்டுவந்து வாழ்த்தும் சொல்வாராம். மார்கழிக் கடைசியில் கடைகளில் அதிர்ஷ்டத்துக்கென்று விற்கிற நாலு இலைச் செடித் தொட்டிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஏணியோடு ஒரு குட்டி ஷோர்ன்ஸ்டைன்ஃபேகர் குத்தியிருக்கும்.

டொச்சுக்காரருக்கு மூடநம்பிக்கை இல்லை என்று சொல்லித் திரிகிற எங்கடை ஆக்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான். பிறந்தநாளுக்கு முதல்நாளே ஒருவரை வாழ்த்திப் பாருங்கள், முகம் சுருங்கும். கறுப்புப் பூனை இடமிருந்து போனதா, வலமிருந்து போனதா என்று பார்க்கிற சனம் இது.

சரி, கதவு. எங்கடை ஆக்களில் ஒரு கூட்டம் இருக்கிறது, மணி அடித்தால் டிவியை நிறுத்திவிட்டு ஓட்டையால் பார்க்கும். அதைப் பழகாதீர்கள். 2013 தை முதல் துப்புரவுக்கும் புகையை அளக்கும் வேலைக்கும் வீட்டுச் சொந்தக்காரர் விரும்பிய ஷோர்ன்ஸ்டைன்ஃபேகரைப் பிடிக்கலாம். ஆனால் ஏழு வருடத்தில் இரண்டு முறை அடுப்பு, ஹீட்டர், புகைபோக்கி எல்லாவற்றையும் பார்க்க வருகிறவர் அந்தப் பகுதிக்கு அரசு நியமித்தவர். இரண்டு பேருக்குமே கதவைத் திறக்கத்தான் வேண்டும். மறுத்துக்கொண்டிருந்தால் அரசாங்கக் கடிதம் வரும், அந்தச் செலவையும் உங்களிடம்தான் கேட்பார்கள். நாள் ஒத்துவராவிட்டால் கடதாசியில் உள்ள நம்பருக்குப் போன் எடுத்து மாற்றுங்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள், கோபிக்க மாட்டார்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் பழைய குசினி. மிளகாய் வறுத்தால் மேல்வீட்டார் இருமுகிறார்கள் என்று நானே சுவரில் ஓட்டை போட்டுப் புகை உறிஞ்சும் ஹூட் பூட்டினேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு. பக்கத்தில் சுடுதண்ணிக்கும் ஹீட்டருக்குமான காஸ் கொதிகலன், தேர்மெ என்பார்கள். அந்தக் குளிர்காலம் சமைக்கும் நாளெல்லாம் மனைவிக்குத் தலையிடி. நாவூறு என்று ஊரிலிருந்து அம்மா போனில் சொன்னார். செத்தல் மிளகாய் சுற்றி எரித்தோம். ஹூட்டை முழு வேகத்தில் விட்டுத்தான் எரித்தோம்!

பிறகு ஷோர்ன்ஸ்டைன்ஃபேகர் வந்தார். யன்னலைச் சாத்தினார், ஹூட்டைப் போட்டார், சுடுதண்ணிக் குழாயைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்துத் தேர்மெயின் மேல் விளிம்பில் பிடித்தார். கண்ணாடி ஆவி பிடித்து மங்கியது. புகைபோக்கியால் மேலே போக வேண்டிய புகையை என் ஹூட் குசினிக்குள்ளேயே இழுத்துக்கொண்டிருந்தது. அதில் வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பக்கத்து அறையில் இரண்டு வயது மகள் நித்திரை. அவர் சத்தம் போடவில்லை. ஹூட்டின் வயரைக் கழற்றிவிட்டு, யன்னல் திறந்தால் மட்டும் வேலை செய்கிற சுவிட்ச் பூட்டும்வரை தொடாதே என்றார். பூட்டினேன். தலையிடியும் போனது.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வருகிறது ஒரு பெண்பிள்ளை, கையில் டேப்லெட். சட்டையில் பொத்தானே இல்லை, இழுத்துப் பூட்டுகிற ஜிப்தான். மனைவி விடுவதில்லை, அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி கொடுக்கிறாள்.