பத்திரத்தில் எழுதிவிட்டால் போதுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ‘ஒரு வருடமாகக் கணவரைப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். அவர் கோவையில். எங்களுடையது இந்து முறைத் திருமணம், வழக்கு எதுவும் போடவில்லை. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4, இருவரும் என்னிடம்தான். மகள் எனக்கு, மகன் அவருக்கு, நினைத்தபோது போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் பெரியவர்கள். போடலாமா?’

அப்படியே போடாதீர்கள் அம்மா. பெரியவர்களின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முத்திரைத்தாளில் எழுதியது நீதிமன்ற உத்தரவு ஆகாது. நாளைக்கு யாராவது மீறினால், அதைக் காட்டி உடனே குழந்தையை மீட்க முடியாது.

‘பையன் அப்பாவுக்கு’ என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். 5 முடிந்ததும் தானாக அப்பாவிடம் போய்விடாது. குழந்தையின் நலன் எதுவோ அதுதான் முடிவு. என் கவலை வேறு. அப்பா, அம்மா பிரிந்த வீட்டில் அக்காவுக்குத் தம்பியும் தம்பிக்கு அக்காவும்தான் துணை. அவர்களையும் ஏன் பிரிக்க வேண்டும்?

அடுத்து, ‘நினைத்தபோது’ என்ற சொல். சண்டை வருவதே அதில்தான். அவர் நினைத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் விசேஷமாக இருக்கும். அதனால் நாள், நேரம் போட்டு எழுதுங்கள். கோவை–திருச்சி பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். 4 வயதுப் பையனை வாராவாரம் அலைக்கழிக்க முடியாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவர் திருச்சிக்கு வரட்டும்: சனி காலை 10 மணிக்கு இருவரையும் அழைத்துப்போய், ஞாயிறு மாலை 5 மணிக்குக் கொண்டுவந்து விடட்டும். கோடை விடுமுறையில் பாதி அவருடன். இந்த வருடம் தீபாவளி உங்களிடம் என்றால் பொங்கல் அவரிடம். அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளுங்கள். வீடியோ கால் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? காய்ச்சல் என்றால் யாருக்கு, எப்போது சொல்வது? பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது? பையில் மருந்து, வீட்டுப்பாட நோட்டு வைத்து அனுப்புவது வரைக்கும் எழுதலாம், தப்பில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: பணம் தரவில்லை என்பதற்காகக் குழந்தைகளைக் காட்ட மறுக்காதீர்கள். காட்டவில்லை என்பதற்காகச் செலவுப் பணத்தை அவரும் நிறுத்தக்கூடாது. இரண்டும் தனித்தனி.

சரி, இதற்கு எப்படி உத்தரவு வாங்குவது? பரஸ்பர சம்மத விவாகரத்துக்குப் போவதாக இருந்தால், அந்த மனுவிலேயே இந்த ஏற்பாட்டைச் சேர்க்கலாம். இப்போதைக்கு விவாகரத்து வேண்டாம் என்றால், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் மனு போடலாம். குழந்தைகள் வசிப்பது திருச்சி என்பதால் அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில்தான்; நீங்கள் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

உத்தரவு ஆயுளுக்கும் மாறாதோ என்று அவர் தயங்கலாம். பையன் வளர்ந்து, சூழ்நிலை மாறினால் உத்தரவையும் மாற்றக் கேட்கலாம். 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இதை அவரிடமும் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். அப்புறம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீதுகள், அந்தப் பத்திரத்தின் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.