ரீபோர் செய்த பழைய கார்ப்பரேட்டர் காரை டைனோவில் ஏற்றித்தான் டியூன் பண்ண வேண்டுமா? காதால் கேட்டு செட் பண்ணினால் போதாதா?

போதாது. (டைனோ என்பது காரின் சக்கரங்களை ரோலரில் ஓடவிட்டு பவரை அளக்கும் மிஷின். ரீபோர் என்பது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது. கார்ப்பரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்.) "டைனோவெல்லாம் ரேஸ் ஓட்டுறவனுக்கு" என்று எனக்குச் சொல்லாத ஆளே இல்லை, அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது) வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது, மேடு ஏறும்போது மட்டும் இழுக்கவில்லை என்ற நிலையில்தான் நீங்களும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்களுடையது அப்பா 1984-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. 1089 சிசி, ஒற்றை சோலெக்ஸ் கார்ப்பரேட்டர். அப்பா போன பிறகு ஆறு வருடம் ஷெட்டிலேயே நின்றது. இன்ஜினை இறக்கி ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட் வேலை எல்லாம் முடித்தோம். 1000 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஆயில் மாற்றி, டாப்பெட் கேப் (வால்வு இடைவெளி) பார்த்த பிறகுதான் கோயம்புத்தூரில் ஒரு டைனோவுக்குக் கொண்டுபோனோம். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு பொருந்தி உட்காராத இன்ஜினை அதில் ஏற்றி முறுக்காதீர்கள். டயரையும் பெட்ரோல் ஹோஸையும் பார்த்துவிட்டுப் போங்கள். இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய ஹோஸ் ரப்பர் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும்.

அங்கே பின்சக்கரங்களை ரோலரில் நிறுத்தி, நான்கு பக்கமும் பெல்ட்டால் இழுத்துக் கட்டி, ரேடியேட்டர் முன்னால் பெரிய ஃபேனை வைத்தார்கள். காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்க சைலன்சர் குழாயில் ஒரு சென்சார். டாப் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் சக்கரத்தில் வந்தது 24 குதிரைத்திறன். கம்பெனிக் கணக்கு இன்ஜினில் சுமார் 40. கியர்பாக்ஸ், பின் ஆக்சில், டயர் தின்பது போனாலும் 24 ரொம்பக் குறைவு. 3000 ஆர்பிஎம் தாண்டியதும் பவரைக் காட்டும் கோடு ஏறாமல் படுத்துவிட்டது.

எல்லோரும் கார்ப்பரேட்டர் மேல்தான் பழி போட்டோம். மெயின் ஜெட்டில் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு ஓட்டையுள்ள திருகு) ஒரு சைஸ் ஏற்றினோம். (ஜெட்டில் இருக்கும் எண் ஓட்டையின் அளவு. 125 என்றால் 1.25 மில்லிமீட்டர்.) காற்று-பெட்ரோல் விகிதம் 13-லிருந்து 11.5-க்கு இறங்கியது (எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம்), புகை கறுத்தது, பவர் இன்னும் ஒன்று குறைந்தது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மெக்கானிக் அண்ணன், "தம்பி, 13 காட்டுதுன்னா பெட்ரோல் சரியாத்தான் வருது. கரண்ட்டைப் பாரு" என்றார். கரண்ட் என்று அவர் சொன்னது ஸ்பார்க்கை. ஸ்பார்க் வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லி மேல் அடித்தோம். ஸ்லோவில் குறி சரியான இடத்தில் நின்றது. ஆக்சிலரேட்டரை ஏற்றினால் அது நகர வேண்டும், ஆனால் அதே இடத்திலேயே நின்றது. நகரவே இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைக் (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) கழற்றி உள்ளே இருக்கும் பாயிண்ட் பிளேட்டைத் தூக்கினால், கீழே இருக்கும் இரண்டு வெயிட்டிலும் பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒன்று பின்னோடு துருப்பிடித்து ஒட்டியே போயிருந்தது. வேகம் கூடக் கூட அந்த வெயிட் விரிந்தால்தான் ஸ்பார்க் முன்கூட்டியே வரும். மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மாட்டினோம். பழைய ஜெட்டையே திருப்பிப் போட்டோம். 31 வந்தது! அதன் பிறகுதான் கார்ப்பரேட்டர் வேலை. 4000-க்கு மேல் விகிதம் 14 பக்கம் ஏறியதால் ஏர் ஜெட்டை (காற்று நுழையும் ஓட்டையுள்ள திருகு) ஒரு சைஸ் குறைத்தோம், கடைசி வரை 13-க்குள் நின்றது.

"ஐம்பது வருஷமா காதாலதான் செட் பண்றோம்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: உங்கள் காதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வண்டியில் பழுதைக் கண்டுபிடித்ததே அப்படிப்பட்ட ஒரு மெக்கானிக்தான். ஆனால் ஸ்க்ரூடிரைவரால் திருகும் மிக்சர் ஸ்க்ரூ ஸ்லோவுக்கு மட்டும்தான். ஆக்சிலரேட்டர் திறந்ததும் பேசுவது மெயின் ஜெட்டும் ஏர் ஜெட்டும். லோடு இல்லாமல் ஷெட்டில் ரேஸ் பண்ணிப் பார்த்தால் அது காதுக்கு எப்படித் தெரியும்? ரோட்டில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டிக்கொண்டே விகிதம் காட்டும் மீட்டரைப் பார்ப்பதும் ஆபத்து.

    

உங்களுடையது என்ன வண்டி என்று கமெண்ட்டில் போடுங்கள். டைனோவுக்குப் போகும்போது இரண்டு சைஸ் மேலேயும் கீழேயும் ஜெட் வாங்கி ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் காசு, நடுவில் ஜெட் தேடிக் கடைக்கு ஓட முடியாது. போவதற்கு முதல் நாளே டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து அந்த வெயிட்டை விரலால் தள்ளிப் பாருங்கள். விட்டதும் ஸ்பிரிங் இழுத்து பழைய இடத்துக்கு வர வேண்டும்.