சுகர்னால கண்ணு மங்குது, மதுரைக்குப் போக ரெபரல் லெட்டர் கட்டாயமா?

நீங்க கேட்டது இதான்: அம்மாவுக்கு பதினஞ்சு வருஷமா சுகர், ஒரு மாசமா ஒரு கண்ணு மங்கலா இருக்கு, உச்சிப்புளியில இருக்கீங்க, பாத்த டாக்டர் "ரெட்டினா (கண்ணுக்குள்ள இருக்குற நரம்புத்திரை) டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு வாயால சொல்லிட்டாரு, லெட்டர் எதுவும் தரல, அது இல்லாம மதுரைக்குப் போனா பாப்பாங்களா, இல்ல லெட்டர் வாங்குற வரைக்கும் காத்திருக்கணுமா.

பாப்பாங்க தம்பி. காத்திருக்காதீங்க. மதுரை அண்ணா நகர்ல இருக்குற அரவிந்த் மாதிரி ஆஸ்பத்திரிக்கு யாரு வேணா நேரா போயி பேரு பதிஞ்சு பாத்துக்கலாம், காசு கட்டிப் பாக்குற பக்கமும் இருக்கு இலவசப் பக்கமும் இருக்கு, 1976ல வெறும் 11 படுக்கையோட ஆரம்பிச்ச நாள்ல இருந்தே இல்லாதவங்களுக்கும் கண்ணு தெரியணும்னு நடத்துற எடம் அது. லெட்டர் இருந்தாத்தான் உள்ள விடுவோம்னு அங்க கிடையாது. ஆனா லெட்டர் வேணாம்னு நான் சொல்ல வரல, ஏன்னா எங்க அப்பாவுக்கு லெட்டர் கைல இருந்தும் ஒரு நாள் வீணாப் போச்சு, அத சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்க அப்பா பாம்பன்ல விசைப்படகுல போறவரு. நம்ம கடக்கரையில தொழிலுக்குப் போற ஆளுங்க நெறைய பேருக்கு கண்ணுல சதை வளரும்ல, வெயிலும் உப்புக் காத்தும் பட்டுப் பட்டு வெள்ளமுழியில இருந்து கருமுழி மேல ஏறும், அப்பாவுக்கும் அது இருந்துச்சு. அதனால கண்ணு மங்கினதும் அவரு சதைதான் மறைக்குதுன்னு முடிவு பண்ணிட்டாரு, பக்கத்துல இருந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க. "தடைக்காலம் வரட்டும் தாயி, போயி வெட்டிக்கிறேன்"னாரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு போகாது, அப்பத்தான் அவங்களுக்கு ஒடம்பப் பாக்கவே நேரம். நானும் சரின்னு விட்டுட்டேன், இன்னிக்கும் மனசு அறுத்துக்கிட்டே இருக்கு, ஏன்னா அவருக்கு பன்னெண்டு வருஷமா சுகர் இருக்குன்னு எனக்குத் தெரியும், சுகர் இருந்தா கண்ணுக்குள்ள இருக்குற நரம்புத்திரையில சின்னச் சின்ன ரத்தக் கொழாய் கெட்டுப் போகும்னு மட்டும் தெரியாது. அது வலிக்காது. ஆரம்பத்துல பார்வையும் நல்லாத்தான் இருக்கும். சுகர்னு கண்டுபிடிச்ச உடனே ஒரு தடவையும் அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையும் சொட்டு மருந்து விட்டு கண்ணுப் பாப்பாவ விரிச்சு உள்ள பாக்கணுமாம், பன்னெண்டு வருஷத்துல ஒரு டாக்டரும் அத எங்ககிட்ட சொல்லல.

முதல்ல வலை பொத்தும்போது கண்ணி சரியாத் தெரியலன்னாரு. ஒரு கிளினிக்ல காட்டினோம், கண்ணாடி மாத்திக் குடுத்தாங்க, ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவை மாத்திக் குடுத்தாங்க, ரெண்டு தடவையும் சொட்டு மருந்து விட்டு உள்ள பாக்கவே இல்ல. அப்புறம் மாசி மாசம் ஒரு நாள் விடியக்காலம் கரைக்கு வந்தவரு "கண்ணுக்குள்ள புகை மாதிரி இருக்கு, கறுப்பு நூலு நூலா தொங்குது"ன்னாரு. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. அதே கிளினிக்குக்கு ஓடினோம். கெஞ்சி ஒரு லெட்டர் வாங்கினோம், அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னா "பார்வை மங்கல், மேல் சிகிச்சைக்கு". அவ்வளவுதான். எந்தக் கண்ணு, எத்தனை நாளா, சுகர் இருக்கு, ரத்தம் கசிஞ்ச மாதிரி இருக்கு, ஒண்ணும் இல்ல.

மதுரையில போயி அத நீட்டினா, வயசானவரு பார்வை மங்கல்னா யாரா இருந்தாலும் கண்புரைன்னுதான் நெனைப்பாங்க, பொது வரிசையில உக்கார வச்சாங்க, அவங்க மேல தப்பே இல்ல. சுத்தி வந்து ரெட்டினா டாக்டர் முன்னாடி உக்காரும்போது சாயங்காலம் ஆயிருச்சு, ஸ்கேன் நாளைக்குன்னுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி மாட்டுத்தாவணி பக்கம் ரூம் போட்டுத் தங்கினோம், அப்பா தூங்கவே இல்ல.

அதனால லெட்டர உள்ள போற டிக்கெட்டா நெனைக்காதீங்க, உங்க அம்மா கண்ணோட கதைய அடுத்த டாக்டருக்குச் சொல்ற பேப்பரா நெனைச்சு வாங்குங்க. கேட்டு வாங்க வேண்டியது இதெல்லாம்: எந்தக் கண்ணு, என்னிக்கு ஆரம்பிச்சது, ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா பார்வை எவ்வளவு (6/60, 6/18 அந்த மாதிரி), சுகர் எத்தனை வருஷம், பிபி இருக்கா, என்னென்ன மாத்திரை, கடைசி ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரியக் காட்டுற ரத்த டெஸ்ட்), டாக்டருக்கு என்ன சந்தேகம், எவ்வளவு அவசரம். "ரெட்டினா"ங்கற வார்த்தை கட்டாயம் இருக்கணும். டாக்டர் எழுதித் தரலைன்னா ஒரு வெள்ளத்தாள்ல நீங்களே இத எழுதி பழைய சீட்டு, பிளட் ரிப்போர்ட் எல்லாத்தையும் சேத்துப் பின் பண்ணி எடுத்துட்டுப் போங்க, பேரு பதியிற எடத்துலயே "சுகர் பேஷன்ட், ரெட்டினா பாக்கணும்னு சொல்லி அனுப்புனாங்க"ன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. நான் கூச்சப்பட்டுக்கிட்டு பேசாம நின்னேன், நீங்க நிக்காதீங்க.

கவர்மென்ட் வழியா போறதா இருந்தா அங்க லெட்டருக்கு வேலை இருக்கு. ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில கண் பிரிவுல ஓபி சீட்டு போட்டுக் காட்டுங்க, தேவைப்பட்டா அவங்களே மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவாங்க, அதுக்கும் மேலன்னா சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, 1819ல இருந்து இருக்குறது, அரசாங்கத்துது. இந்த வழியில காசு செலவு கம்மி, அலைச்சல் கொஞ்சம் கூட. ஊர்ல நடக்குற இலவச கண் முகாம் பெரும்பாலும் கண்புரைக்கு, அங்க போயி "புரை இல்ல, போங்க"ன்னு சொன்னா கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு இப்பவே பாருங்க. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா எடுக்கலாம், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். எல்லா சிகிச்சையும் எல்லா ஆஸ்பத்திரியிலயும் அதுல வராது, அதனால ஆபரேஷன்னு சொன்ன உடனே பணம் கட்டிறாம ஆஸ்பத்திரியிலயே காப்பீட்டு கவுன்ட்டர் இருக்கும், அங்க முதல்ல கேளுங்க.

ஒண்ணு ரொம்ப முக்கியம். திடீர்னு கறுப்புப் புள்ளி மழை மாதிரி கொட்டுனாலோ, ஓரத்துல மின்னல் வெட்டுற மாதிரி தெரிஞ்சாலோ, பாதிப் பார்வைய திரை போட்டு மூடுன மாதிரி இருந்தாலோ, திடீர்னு பார்வை போனாலோ லெட்டரும் வேணாம் அட்டையும் வேணாம், அன்னிக்கே கெளம்புங்க. நரம்புத்திரை பிரிஞ்சு போயிருந்தா நடுப்பார்வை போறதுக்கு முன்னாடி பிடிச்சாத்தான் நல்லாத் திரும்பும். மீன் முள்ளோ ஈயக்குண்டோ கண்ணுல பட்டாலும் அப்படித்தான், தாய்ப்பால் விடுறது, நல்லெண்ணெய் விடுறது, மெடிக்கல்ல கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுறது எதுவும் வேணாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தா இருந்து உள்ள பூஞ்சை இருந்துச்சுன்னா கருமுழி புண்ணாகி கண்ணே போயிரும்.

போற அன்னிக்கு: அம்மாவ காலைல சாப்பிட வச்சு மாத்திரையும் போட வச்சுக் கூட்டிட்டுப் போங்க, மதியத்துக்கும் கையில கட்டிக்கோங்க, சாப்பிடாம இருந்தா சுகர் ரொம்ப எறங்கிரும். சொட்டு மருந்து விட்டா சில மணி நேரத்துக்கு கிட்டத்துல ஒண்ணும் தெரியாது, வெயில் கூசும், தனியா அனுப்பாதீங்க, ஒரு கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கோங்க. அப்பா பரமக்குடி தாண்டுற வரைக்கும் துண்டப் போட்டு மூஞ்சிய மூடிக்கிட்டுத்தான் பஸ்ல வந்தாரு. கையில ஊசி போட்டு கலர் மருந்து ஏத்தி போட்டோ எடுத்தா மறுநாள் ஒண்ணுக்கு மஞ்சளாப் போகும், பயந்துறாதீங்க.

லேசர் பண்ணணும்னு சொன்னா "பண்ணா பழையபடி தெரியுமா"ன்னு கேப்பீங்க, நாங்களும் கேட்டோம். லேசர் இருக்குறத காப்பாத்தத்தான், போனத திருப்பித் தராதுன்னு அந்த டாக்டரம்மா அப்பா கையப் பிடிச்சு மெதுவா சொன்னாங்க. அப்பாவுக்கு வலது கண்ணுல மூணு தடவை லேசர், ரெண்டு ஊசி. இடது கண்ணு தப்பிச்சிருச்சு, அதுலயும் ஆரம்பமா இருந்தத அன்னிக்குத்தான் பாத்தாங்க. இப்ப ராத்திரி கடலுக்குப் போறதில்ல, கரையில வலை பொத்துறாரு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை நானே கூட்டிட்டுப் போறேன்.

இன்னொன்னு, அம்மாவுக்கு மங்கலா இல்லாத அந்த இன்னொரு கண்ணையும் பாக்கச் சொல்லுங்க. ஹெச்பிஏ1சி எடுத்து மூணு மாசத்துக்கு மேல ஆயிருந்தா நாளைக்கே ரத்தம் குடுத்துருங்க, ரிப்போர்ட் வர்றதுக்காக மதுரைப் பயணத்த மட்டும் தள்ளிப் போடாதீங்க.