பழைய கார் கேள்வி பதில்: கிரீஸ் கன்னைக் கீழே வையுங்கள்

எங்கள் பழைய கார் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு இந்த முறை பேச வேண்டியவர் வரவில்லை. உறுப்பினர்கள் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும் என்று செயலாளர் முடிவு கட்டிவிட்டார். என் தகுதி இவ்வளவுதான்: லேத் பட்டறை வைத்திருந்தவன், 34 வருடமாக ஒரே ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஓட்டுகிறவன். அம்பாசிடரும் ஃபியட்டும் ஓரளவு கை பழகியவை. டச் ஸ்கிரீன், ஏர்பேக் என்று யாராவது கேட்டால் சீட்டைத் திருப்பித் தந்துவிடுவேன்.

தாம்பரம் உறுப்பினர்: அப்பாவின் 1966 ஹெரால்டு 11 வருடமாக ஷெட்டில் நிற்கிறது. ஓட்ட ஆசை. புது பேட்டரி வாங்கிவிட்டேன். அப்புறம் என்ன செய்ய வேண்டும்?

பேட்டரியை ஓரமாக வையுங்கள். முதலில் சாவியைத் தொடாதீர்கள்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு நான்காவது கியரில் போட்டு வண்டியைக் கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். இன்ஜின் சுற்றினால் பாதி அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். சுற்றவில்லை என்றால் இன்னும் ஆயில் விட்டுக் காத்திருங்கள். வலுக்கட்டாயமாக செல்ஃப் அடித்து ரிங்கை உடைத்தவர்கள் நம் சங்கத்திலேயே இருவர் உண்டு.

டேங்கில் இருக்கும் பெட்ரோல் இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். முழுவதும் வடித்துவிடுங்கள். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். நான்கு சக்கரத்திலும் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். பிரேக் வேலை முடியாமல் ஷெட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம். பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில்தான் துரு முதலில் பிடிக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் சரி, 'பொத்' என்றால் வெல்டிங்.

இப்போது முக்கியமான விஷயம். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் துண்டின் அடிப்பக்கம் மரை போட்டு, வெண்கலத்தில் செய்த ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இந்த மரைதான் சுற்றுகிறது. இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் ஆயில், இ.பி. 90, அதுதான் விட வேண்டும். கிரீஸ் கெட்டியாக மேலேயே நின்றுவிடும், மரையின் அடிவரை இறங்காது. மழைத் தண்ணீர் இறங்கும். உள்ளே துரு பிடித்து, ஒரு நாள் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது எஃகு முறியும். சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் படுத்துக்கொள்ளும். பார்க்கிங்கில் நடந்தால் சிரிக்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் 60-இல் போகும்போது நடந்தால்?

மெக்கானிக் "எல்லா வண்டிக்கும் கிரீஸ்தான் சார்" என்பார். கேட்காதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பழைய ஆயில் வெளியே வழியும்வரை புதிது விடுங்கள். ட்ரன்னியன் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் இதே உருப்படிதான் என்பதால் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

பெயர் எழுதாத சீட்டு: என் 1984 பத்மினி எவ்வளவுக்குப் போகும்?

வாங்குகிறவர் தரும் விலைக்கு. துருவைப் பார்க்காமல் விலை சொல்ல நான் ஜோசியன் இல்லை.

பெருங்களத்தூர் உறுப்பினர்: ஹெரால்டு இங்கிலாந்து கார், நாம் முடுக்கிக் கொடுத்ததோடு சரி என்கிறான் நண்பன். உண்மையா?

உங்கள் ஊர்க்காரரே இப்படிக் கேட்கலாமா? தொழிற்சாலை உங்கள் பக்கத்தில் அல்லவா இருந்தது!

பிறப்பு இங்கிலாந்துதான். 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது, வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதைச் செய்தது. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன. ஆண்டுக்கு ஆண்டு உள்ளூர்ப் பாகங்கள் கூடின. அப்புறம் நம் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். அசல் வண்டிக்கு இரண்டே கதவு. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவு இருக்க, பின்சீட்டுக்குப் பாட்டியைக் குனிய வைத்து ஏற்றும் வண்டியை யார் வாங்குவார்? எனவே நான்கு கதவு ஹெரால்டை இங்கேயே உருவாக்கினார்கள். அது இங்கிலாந்திலேயே கிடையாது. லண்டன்காரர் ஒருவர் என் வண்டியின் பின்கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

1970-களில் அதே கம்பெனி விட்ட கெஸல் காரில் பின்பக்கத் தனி சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு ஒரே ஆக்ஸில் போட்டார்கள். நம் சாலைக்கு ஹெரால்டின் பின்சக்கரங்கள் தாங்கவில்லை. இன்ஜின் அதே 948 சிசி. 1985-இல் ரோவர் பாடிக்குள் பழைய வான்கார்டு காரின் வழி வந்த இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 விட்டார்கள். கோட் சூட்டுக்குள் அழுக்குப் பனியன். மூன்றே வருடத்தில் கதை முடிந்தது. சரி, அதை நினைத்தால் வயிறு எரியும், அடுத்த சீட்டு.

வேலூர் உறுப்பினர்: மார்க் 4 அம்பாசிடர். மே மாத வெயிலில் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆகிறது. கார்பரேட்டரை மூன்று முறை கழற்றிவிட்டார்கள்.

கார்பரேட்டரை விட்டுவிடச் சொல்லுங்கள், பாவம். சூட்டில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிறது. பம்ப் ஆவியை இழுக்க முடியாமல் திணறுகிறது. அடுத்த முறை நின்றால் பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் நோய் உறுதி. நிரந்தர வைத்தியம்: சைலன்சர் பைப்பை ஒட்டி ஓடும் பெட்ரோல் பைப்பைத் தள்ளிக் கட்டுங்கள், ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இதை இன்னும் மோசமாக்கும். தவிர, எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும். அம்பாசிடரில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் இன்ஜினின் ஒரே பக்கம். ஹோஸ் கசிந்தால் சொட்டுவது பழுத்த இரும்பின் மேல். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். தீயணைப்பு சிலிண்டர் டிக்கியில் அல்ல, டிரைவர் சீட்டுக்கு அடியில்.

மயிலாப்பூர் உறுப்பினர்: 1962 அம்பாசிடரில் செல்போன் சார்ஜர் இணைத்தேன். புகைந்துவிட்டது. வயரிங் முழுவதும் மாற்ற வேண்டுமா?

வயரிங் நிரபராதி. அந்தக் காலத்துப் பல வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய சார்ஜர், ரேடியோ எல்லாம் நெகட்டிவ் பாடி என்று நம்பிப் பிறந்தவை. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கனமான வயர் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். போன் சார்ஜுக்கு ஒரு பவர் பேங்க் போதும். பானெட் திறந்திருக்கும்போது பெட்ரோல் ஹோஸையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆவடி உறுப்பினர்: 15 வருடம் ஆனால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்களாமே?

அது டெல்லிச் செய்தி. இங்கே எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று) காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். கட்டணம் ஏறியிருக்கிறது, காலாவதி ஆக விடாதீர்கள், அபராதம் சேரும்.

திருச்சி உறுப்பினர்: வின்டேஜ் பதிவு செய்தால் என்ன லாபம்?

2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வயது தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றாத வண்டிக்கு மட்டும். புதிதாகப் பதிவு செய்தால் எண்ணில் 'வி.ஏ.' வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் என்றுதான் சாலைக்கு வர முடியும். தினமும் ஆபீசுக்கு ஓட்ட நினைத்தால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

மதுரை உறுப்பினர்: 1972 அம்பாசிடர், ஒரே ஓனர். என்ன விலை சொல்லலாம்?

மேலே பத்மினிக்காரருக்குச் சொன்னதேதான்.

கோவை உறுப்பினர்: நீங்கள் சொன்ன விதியில் 'இன்ஜின் மாற்றாத' என்று வருகிறது. என் ஹெரால்டில் மாருதி ஆம்னி வேனின் இன்ஜின் வைத்திருக்கிறேன். தினமும் ஓட்டுகிறேன், லிட்டருக்கு நல்ல மைலேஜ், வால்பாறை போய் வந்தேன். உங்களைப் போன்றவர்கள் கவர் போட்டு மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை துடைக்கிறீர்கள். எது உண்மையான அன்பு?

வந்துவிட்டதா? எதிர்பார்த்தேன்.

முதலில், பாராட்டு: மாருதி 800-இன் இன்ஜினைத் தேடாமல் ஆம்னியுடையதை எடுத்தது விவரமானவர் வேலை. 800 முன்சக்கர வண்டி, இன்ஜின் குறுக்கே கிடக்கும். ஆம்னியில் அதே 796 சிசி இன்ஜின் நெடுக்காக நின்று பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பொருந்தும். ஆனால் உங்கள் ஆர்.சி. புக்கில் அந்த இன்ஜின் எண் ஏறியிருக்கிறதா? ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றினால் விபத்தில் இன்சூரன்ஸ்காரர் உங்களைத் தெரியாது என்பார். அப்புறம், அசல் இன்ஜின் எங்கே? புதுப்பேட்டை பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டிருந்தால் என்னோடு பேசாதீர்கள்.

கோவை, மறு சீட்டு: ஆர்.சி.யில் ஏற்றியாகிவிட்டது. அசல் இன்ஜின் ஆயில் தடவி வீட்டில் பத்திரமாக இருக்கிறது. சேசிஸில் ஒரு துளைகூடப் போடவில்லை, பழைய போல்ட் துளைகளில்தான் பிராக்கெட் நிற்கிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்ய உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர் இருக்கிறதாமே, அசல் டைனமோ எங்கே?

(கைதட்டல். கைதட்டியவர்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.)

டைனமோ என் பரணில் இருக்கிறது. மழை நாளில் வைப்பரும் விளக்கும் சேர்த்துப் போட்டால் பேட்டரி படுத்துவிடும், அதனால் மாற்றினேன். ஒரு மதியத்தில் திரும்பவும் மாட்டலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன்: துளை போடாமல், அசலைத் தூக்கி எறியாமல் செய்தீர்கள் என்றால் உங்களுக்கும் எனக்கும் தூரம் நான் நினைத்ததைவிடக் குறைவு. என் சண்டை வண்டியை வெட்டும் ரம்பத்தோடுதான்.

காரைக்குடி உறுப்பினர்: அப்படியானால் என் அம்பாசிடரில் ஏசி, பவர் ஸ்டீயரிங், அகல டயர் எல்லாம் தப்பில்லையே? இசுசு இன்ஜின் கம்பெனியே போட்டதுதானே?

கம்பெனி 1817 சிசி இசுசு இன்ஜினைப் போட்டபோது கியர்பாக்ஸையும் ஐந்து கியராக மாற்றிப் போட்டது. நீங்கள் அகல டயருக்காக மட்கார்டை வெட்டியிருக்கிறீர்கள், வாசலில் பார்த்தேன். அது ரம்பம்.

காரைக்குடி, மறு சீட்டு: வெட்டவில்லை, உள்பக்கம் மடித்துத் தட்டினோம்.

தட்டிய இடத்தில் பெயின்ட் விட்டுப்போயிருக்கும். அடுத்த மழைக்கு முன் பாருங்கள்.

மயிலாப்பூர், மறுபடி: அசல் அசல் என்று சொல்லி ஒரு கண்டன்சருக்கு ஆறு மாதம் அலைகிறோம். கோவைக்காரர் கடைக்குப் போய் வாங்கி வருகிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? நிற்கும் அசலைவிட ஓடும் கலப்படம் மேல் என்று சொல்ல எனக்கும் வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் எல்லோரும் அப்படிச் செய்தால், நான்கு கதவு ஹெரால்டு எப்படிச் சத்தம் போடும் என்று கேட்க இங்கிலாந்துக்கும் போக முடியாது. அங்கே அது இல்லை.

இதற்கு மேல் ஒன்பது சீட்டு இதே விஷயம். செயலாளர் டீ சொல்லிவிட்டார். மீதியை வேகமாக முடிக்கிறேன்.

பத்மினியில் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கியர் லீவர் இரண்டாவதில் சிக்குகிறது. கியர்பாக்ஸைத் திறக்காதீர்கள். லிங்க் ராடுகளின் புஷ் தேய்ந்திருக்கும்.

சிபானி டால்ஃபின் கார் வாங்கலாமா? ஃபைபர் பாடி துரு பிடிக்காது. அதற்கு அடியில் இருக்கும் சேசிஸ் பிடிக்கும்.

ஃபியட்டா, அம்பாசிடரா? எனக்கு இந்த ஊரில் நிம்மதியாக வாழ ஆசை.

மாருதி 800 எப்போது வின்டேஜ்? முதல் வண்டி 1983 டிசம்பர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1978 அம்பாசிடர், விலை? அடுத்த கூட்டத்தில் விலை கேட்பவருக்கு டீ கிடையாது.

கோவை அன்பரே, போவதற்குள் நான் ஒன்று கேட்கிறேன். வால்பாறையில் 40 ஹேர்பின் வளைவு. உங்கள் ட்ரன்னியனுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

கோவை: அது... மெக்கானிக் மாதாமாதம் நன்றாக கிரீஸ் அடித்துவிடுவார் சார்.

சாவியைக் கொடுங்கள். வண்டி இன்று இங்கேயே நிற்கட்டும். காலையில் ஜாக்கி போட்டுக் கழற்றிப் பார்க்கலாம். கோவைக்கு ரயிலில் போங்கள்.