ஏசி இல்லாத சென்னை அறைக்கு முதல்முறையாகக் கணினி அசெம்பிள் செய்கிறேன். வாட்டர் கூலிங் வேண்டுமா? என்னென்ன வாங்கலாம்?

வேண்டாம். வீடியோ எடிட்டிங், நடுவில் கொஞ்சம் கேம், மொட்டை மாடிக்கு நேர்கீழே அறை, கிராபிக்ஸ் கார்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு வாட்டர் கூலர் வாங்கும் பணத்தைக் கேபினட்டிலும், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலும் போடுங்கள்.

யூடியூபில் நாம் பார்க்கும் வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை. மே மாத மதியம் உங்கள் அறை 36, 37 டிகிரியில் இருக்கும். காற்றோ தண்ணீரோ, எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. சூட்டை அங்கிருந்து எடுத்து அறைக்குள் கொட்டுவதுதான் அதன் வேலை. அங்கே 70 டிகிரி காட்டுகிற கூலர் இங்கே 81-லிருந்து 87 வரை காட்டும். இதில் வாட்டர் கூலருக்குச் சலுகை எதுவும் இல்லை. அதோடு, கணினி இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் சூடாகத்தான் மாறுகிறது.

அதனால் முதலில் ப்ராசஸர் எத்தனை வாட் இழுக்கும் என்று பாருங்கள். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7600, 7600எக்ஸ் இரண்டும் ஆறு கோர்தான். 7600-க்குப் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும், முழுப் பாரத்தில் 88 வரை போகும். எக்ஸ் 105 என்று சொல்லிக்கொண்டு 142 வரை இழுக்கும். அந்தக் கூடுதல் சூட்டுக்குக் கிடைக்கிற வேகமோ சொற்பம். எக்ஸ் பெட்டியில் கூலரும் வராது, 7600-இல் ஒன்று வரும். இன்டெல் பக்கம் ஐ5-12400 பார்க்கலாம். அதிகபட்சம் 117 வாட். அதே இன்டெலில் 14600கே 181 வாட் வரை போகும், நம் அறைக்கு அது வேண்டாத வேலை.

7600, 12400 இந்த இரண்டில் எது? கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் எடிட்டிங் மட்டும்தான் என்றால் 12400. அதற்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி, கேமராவும் போனும் எடுக்கிற ஹெச்இவிசி வீடியோக்களை நன்றாகக் கையாளும். பெயருக்குப் பின்னால் எஃப் போட்டதை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதில் அந்தப் பகுதியே வேலை செய்யாது. ஆனால் அது உட்காரும் சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசஸரைப் பொருத்தும் இடம்) பழையது, இன்டெலின் புதுத் தலைமுறை ப்ராசஸர்கள் அதில் ஏறாது. 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னால் கார்டு சேர்க்கும் எண்ணம் இருப்பதால் உங்களுக்கு 7600தான் சரி என்பேன்.

7600-உடன் வரும் கூலர் வேலை செய்யும், ஆனால் கோடையில் கத்தும். சூட்டைக் கடத்தும் நான்கு குழாயும் (ஹீட் பைப்) ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள சாதாரண டவர் கூலர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். டீப்கூல் ஏகே400 மாதிரி ஒன்று போதும். அதன் உயரம் 155 மில்லிமீட்டர். உங்கள் கேபினட் எத்தனை மில்லிமீட்டர் கூலர் வரை ஏற்கும் என்பதை வாங்குவதற்கு முன் பாருங்கள், இல்லாவிட்டால் பக்கக் கதவு மூடாது. இதில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும்தான், எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். வாட்டர் கூலரில் பம்ப் நின்றால் மொத்தமாகக் கழற்றி வாரண்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 250 வாட் இழுக்கும் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம், நமக்கு இல்லை.

அடுத்து கேபினட். பலர் சொதப்புவது இங்கேதான். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கடை வாசலில் வண்ண விளக்கோடு அடுக்கியிருப்பதில் பாதிக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நான்கு ஃபேன் சுழன்றாலும், ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறி போட்ட அறை மாதிரி அதே சூடான காற்றுதான் சுற்றிக்கொண்டிருக்கும். முன்பக்கம் முழுக்கச் சல்லடையாக, கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டரோடு இருப்பதை வாங்குங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இவ்வளவு போதும். உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், தூசி இண்டு இடுக்கெல்லாம் புகாமல் ஃபில்டரிலேயே நிற்கும். ஃபேனை எந்தப் பக்கம் திருப்புவது என்று குழப்பமா? மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரிகிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அப்புறம், கம்ப்யூட்டர் டேபிளில் சிபியு வைக்க என்றே ஒரு மூடிய அறை செய்து வைத்திருப்பார்கள், அதற்குள் மட்டும் வைக்காதீர்கள்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப வேண்டாம். நல்ல கம்பெனியின் 550 வாட் தனியாக வாங்குங்கள். பின்னால் 115 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 ரகக் கார்டு சேர்த்தாலும் தாராளம். 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே சொல்லும். ஷார்ட் சர்க்யூட், வோல்டேஜ் ஏற்றம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா, எத்தனை ஆண்டு வாரண்டி என்று தனியாகப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பது பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர் என்றால், இந்தக் கால எஸ்எம்பிஎஸ் சில அதில் மக்கர் பண்ணும்; சைன் வேவ் நல்லது. பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று புலம்புபவர்களில் பலர் வீட்டில் இதுதான் கதை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மற்றவை பெரிய விஷயமில்லை. ஏஎம்5-க்கான பி650 மதர்போர்டில் வசதியும் விலையும் ஒத்துவருகிற ஏதாவது ஒன்று. ராம் டிடிஆர்5தான், ஏஎம்5-இல் வேறு எதுவும் ஏறாது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிக் கிடக்கிறது, என்றாலும் கார்டு இல்லாத கணினியில் ஒற்றைக் குச்சி போட்டால் கிராபிக்ஸ் ரொம்பத் திணறும். கையைக் கடித்தால் இரண்டு 8 ஜிபியாவது போடுங்கள். எஸ்எஸ்டி ஜென்4 (நான்காம் தலைமுறை) போதும். ஜென்5 விலையும் அதிகம், சூடும் அதிகம்.

கடையில் எல்லாவற்றையும் தாங்களே மாட்டித் தருகிறோம் என்பார்கள். "அண்ணே, நானே மாட்டிக்கிறேன், சீல் பிரிக்காம குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். மதர்போர்டை மட்டும் அங்கேயே பிரித்துப் பாருங்கள். ஏஎம்5-இல் பின்கள் ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் வீட்டுக்கு வந்தபின் வாரண்டி பேச முடியாது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

மாட்டும்போது கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வைக்கும் பேஸ்ட், கூலரில் ஏற்கனவே தடவியிருக்காவிட்டால், பட்டாணி அளவு. திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். நான்கு ராம் இடம் உள்ள போர்டில் குச்சிகள் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில். கணினி ஓடத் தொடங்கியதும் வெப்பநிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுக்கொண்டு ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். கோடையில் 85 வரை வந்தால் கவலை வேண்டாம், 95-ஐத் தொட்டால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடிக்கடி அங்கே போனால் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ப்ராசஸர் இழுக்கும் வாட்டைக் குறைக்கிற ஈகோ மோடு போடுங்கள், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று: ஏஎம்5-இல் முதல்முறை ஸ்விட்ச் போட்டதும் திரை கறுப்பாகவே சில நிமிடங்கள் இருக்கும். ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செத்துப்போச்சு என்று நினைத்துக் கரண்டை நிறுத்திவிடாமல், ஒரு பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள்.