வீட்டிலிருந்து வி.பி.என். வழியாகத் துறைக் கோப்புகள்: கேள்வி பதில்

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் நெட்வொர்க் என் பொறுப்பு. வி.பி.என். (இணையத்தின் வழியே வளாக நெட்வொர்க்குக்குள் வர உதவும் பாதுகாப்பான இணைப்பு) பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், வி.பி.என். கனெக்ட் ஆகிவிட்டது. ஆனால் துறைக் கணினியில் தானாக வரும் எஸ் டிரைவ் (துறையின் பொதுக் கோப்புகள் இருக்கும் இடம்) என் லேப்டாப்பில் வரவில்லை.

பதில்: வி.பி.என். உங்களை வளாக நெட்வொர்க்குக்குள் கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். டிரைவை மாட்டிக் கொடுப்பது அதன் வேலை இல்லை. துறைக் கணினி டொமைனில் (கணினிகளையும் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்தது, அதனால் லாகின் செய்ததும் டிரைவ் தானாக வருகிறது. சொந்த லேப்டாப்பில் நீங்கள்தான் இணைக்க வேண்டும். 'மேப் நெட்வொர்க் டிரைவ்' போய், சர்வரின் முழுப் பெயரைக் கொடுங்கள். துறையில் புழங்கும் சுருக்கப் பெயர் வெளியிலிருந்து பல நேரம் எடுபடாது. பயனர் பெயருக்கு முன்னால் டொமைன் பெயரும் ஒரு பின்சாய்வுக் கோடும் வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் உங்கள் லேப்டாப் கணக்கின் பெயரைச் சர்வரிடம் நீட்டும், சர்வர் மறுத்துவிடும். பாஸ்வேர்டு மாற்றிய பிறகு நின்றுபோயிருந்தால், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவை அழியுங்கள்.

கேள்வி: அதெல்லாம் செய்தேன். சர்வர் முகவரி 192.168.1.20. பிங் செய்தால் (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) பதில் வருகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை.

பதில்: நல்ல கேள்வி. பதில் சொல்வது சர்வர்தானா என்று முதலில் பாருங்கள். வி.பி.என்.னைத் துண்டித்துவிட்டு மறுபடி பிங் செய்யுங்கள். அப்போதும் 2 மில்லிசெகண்டில் பதில் வந்தால், பேசுவது உங்கள் வீட்டு பிரின்டரோ டிவியோதான். வீட்டு ரவுட்டர்கள் பலவும் 192.168.1 வரிசையில்தான் முகவரி கொடுக்கும். லேப் சர்வரும் அதே வரிசை என்றால், லேப்டாப் அதை வீட்டுக்குள்ளேயே தேடும், டன்னல் (வி.பி.என். பாதை) பக்கம் போகவே போகாது. ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.77.1 என்று மாற்றி, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் இப்போது ஜெர்மனியில். ஆயிரம் சின்னக் கோப்புகள் காப்பி ஆக யுகம் ஆகிறது. இங்கே நெட் வேகம் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: தம்பி, அது வேகத்தின் கோளாறு இல்லை, தூரத்தின் கோளாறு. ஒவ்வொரு கோப்பையும் திறக்க, படிக்க, மூட எஸ்.எம்.பி. (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) பலமுறை போய்வர வேண்டும். ஒரு போய்வரலுக்கு 200 மில்லிசெகண்ட், ஒரு கோப்புக்கு ஐந்து முறை என்று வைத்தாலே ஆயிரம் கோப்புக்குப் பதினேழு நிமிடம் காத்திருப்பிலேயே போய்விடும். ஒரே ஜிப்பாக எடுங்கள். ஆனால் அந்த ஜிப்பை சர்வர் பக்கமே போட வேண்டும். உங்கள் லேப்டாப்பிலிருந்து போட்டால் எல்லாக் கோப்பும் ஒருமுறை உங்கள் லேப்டாப்புக்கு இறங்கித்தான் ஆகும். இன்னொன்று, டன்னல் மேல் வைத்து எக்ஸெல், ஆக்ஸஸ் கோப்புகளை நேரடியாக எடிட் செய்யாதீர்கள். நகல் எடுத்து வேலை பார்த்து, திருப்பி வையுங்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் ஆக்ஸஸ் டேட்டாபேஸ் கெட்டே போகும்.

கேள்வி: ப்ளே ஸ்டோரில் இருக்கும் இலவச வி.பி.என். போதுமா?

பதில்: போதாது. அது உங்களை யாரோ ஒருவரின் சர்வருக்குக் கொண்டுபோகும், பல்கலைக்கழகத்துக்கு இல்லை.

கேள்வி: இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவது சட்டவிரோதமா?

பதில்: இல்லை. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு வி.பி.என். தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது. நிறுவனங்கள் தங்கள் சொந்த ஆட்களுக்காக வைத்திருப்பது அதில் வராது.

கேள்வி: ஜர்னல் கட்டுரைகள் திறக்கவில்லை.

பதில்: நூலகத்தைக் கேளுங்கள். பல இடங்களில் அதற்குத் தனி லாகின் உண்டு.

கேள்வி: எதற்கு இவ்வளவு சிரமம்? எங்கள் லேபில் 445 போர்ட்டை (எஸ்.எம்.பி. வந்துபோகும் வாசல்) நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிட்டோம். பிரமாதமாக ஓடுகிறது.

பதில்: சார், தயவுசெய்து இன்றே மூடுங்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை கிருமி பரவியது அந்த 445 வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்ச்சை (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாத கணினிகள் மாட்டின. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

அவரே மறுபடி: நாங்கள் அப்டேட் போடுகிறோம், பாஸ்வேர்டும் பலமானது. வி.பி.என். பெட்டியிலும்தான் ஓட்டை வருகிறதே?

பதில்: வருகிறது, மறுக்கவே மாட்டேன். 2019-இல் பல்ஸ் செக்யூர் என்ற வி.பி.என். பெட்டியில் வந்தது. 2024 ஏப்ரலில் குளோபல்ப்ரொடெக்ட் என்ற வி.பி.என். இருக்கும் பாலோ ஆல்டோ ஃபயர்வாலில் வந்தது. இரண்டுமே மோசமானவை. ஆனால் வி.பி.என். என்பது ஒரே வாசல். அதில் பேட்ச் போடவும் லாக் பார்க்கவும் இரண்டாம் அடுக்கு ஓடிபி வைக்கவும் ஆள் இருக்கிறார்கள். லேபுக்கு ஒரு வாசல் என்று திறந்தால் நாற்பது வாசலை யார் பார்ப்பது? வான்னாக்ரை கெட்ட பாஸ்வேர்டைத் தேடி வரவில்லை. பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே வந்தது. பேட்ச்சைப் போட வேண்டிய மாணவர் படிப்பு முடிந்து போனபின் அந்தச் சர்வரை யார் தொடுவார் என்று யோசியுங்கள்.

இன்னொருவர்: எங்கள் பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் கோப்புச் சேமிப்புப் பெட்டி) எஸ்.எம்.பி.யின் பழைய பதிப்பான எஸ்.எம்.பி. 1 இல்லாமல் ஓடாது. வி.பி.என்.னுக்குள் தானே, ஆன் செய்யலாமா?

பதில்: கூடாது. வான்னாக்ரை புகுந்த ஓட்டை எஸ்.எம்.பி. 1-இல்தான் இருந்தது. ஒரு மாணவரின் லேப்டாப்பில் கிருமி இருந்தால் அது டன்னல் வழியாகவே உள்ளே வரும். பெட்டியை மாற்றுங்கள்.

கேள்வி: வி.பி.என். கனெக்ட் ஆகிறது, டிரைவ் வரவில்லை.

பதில்: முதல் பதில்.

கேள்வி: மேக்கில் டிரைவ் வரவில்லை.

பதில்: ஃபைண்டரில் கமாண்ட், கே. சர்வரின் முழுப் பெயர். மீதி முதல் பதிலில். நேரடியாக எடிட் செய்யாதீர்கள்.

கேள்வி: ஊரில் இருக்கும்போதே பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது. வி.பி.என். உள்ளேயே விடவில்லை.

பதில்: பாஸ்வேர்டு மாற்றும் இணையப் பக்கம் பெரும்பாலும் வி.பி.என். இல்லாமலே திறக்கும், அங்கே மாற்றுங்கள். பல்கலைக்கழக லேப்டாப் என்றால் அதற்குப் பழைய பாஸ்வேர்டுதான் தெரியும். அதை வைத்து உள்ளே போய், புதியதால் வி.பி.என். இணைத்து, திரையைப் பூட்டி, புதிய பாஸ்வேர்டால் திறங்கள். இணைப்பைத் துண்டித்த பிறகு பூட்டினால் பயன் இல்லை.